தூது சென்றோரும் தூது பெறாதோரும்: மலேசியச் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் அரசு சாராதோரின் பங்கு – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பொருளுக்காக அயல்நாட்டில் பேசுவோர் யாவர் எனும் வினாவிற்குத் தூதரகத்து அதிகாரிகளும் அமைச்சர்களும் என்பதே வழக்கமான விடையாகும். கடந்த சில பத்தாண்டுகளில் இவ்விடை போதாது என்பது உணரப்பட்டு, வணிகச் சங்கங்கள், பெருநிறுவனங்கள், ஆய்வு நிலையங்கள், தொண்டு அமைப்புகள் முதலிய அரசு சாராதோரும் வணிகத் தூதில் பங்கு கொள்கின்றனர் எனும் கருத்து வலுப்பெற்றுள்ளது. இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும், அரசு சாராதோர் எனும் ஒற்றைத் தொடருக்குள் யார் யார் அடங்குகின்றனர், யார் விடுபட்டுப் போகின்றனர் என்பது போதிய அளவில் ஆராயப்படவில்லை.

இக்கட்டுரை மலேசியாவின் செம்பனை எண்ணெய்த் தொழிலைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை அணுகுகிறது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பது நாம் கருதத்தக்கது. அன்று தொட்டு இப்பயிரின் வரலாறு மலேசியத் தமிழரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே, உலகச் சந்தையில் இப்பொருளுக்காக யார் பேசினர், யாருடைய பேச்சு எடுபட்டது, யாருக்குப் பேச இடமே தரப்படவில்லை என்பன பொருளியலார்க்கு மட்டுமன்றி, இந்திய ஆய்வியல் துறையினர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய வினாக்களாகும்.

தூது எனும் கருத்தாக்கம்

தமிழ் மரபு தூதினை நுட்பமாக ஆராய்ந்துள்ளது. திருக்குறளின் பொருட்பாலில் 69ஆம் அதிகாரம் தூது என்பதாகும். அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதுவரைத் தான் வகுத்துக் கூறுவான் என்றும் கூறியது கூறுவான் என்றும் இருவகைப்படுத்துகிறார். முன்னவன் சூழலை உணர்ந்து தானே கருத்தை வகுத்துரைக்கும் உரிமை பெற்றவன். பின்னவன் தன்னை விடுத்தவர் சொன்னதைச் சொன்னவாறே சேர்ப்பவன். வடநூலார் இவ்விருவரோடு ஓலை கொடுத்து நிற்பாரையும் சேர்த்து மூவகையாக்குவர் என்பதையும் அவர் சுட்டுகிறார். ஓலை கொடுத்து நிற்பவன் வாய் திறப்பதில்லை. கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டு நிற்பதே அவன் பணி.

இப்பாகுபாடு மன்னராட்சிக் காலத்துக்கு உரியது. எனினும், ஒருவர் தூது செல்கிறார் என்று கூறுவதோடு அமையாமல், அவர்க்கு எந்த அளவு சொல்லுரிமை உள்ளது என்று கேட்பதால் இது இன்றைய ஆய்வுக்கும் பயன்படுகிறது. தற்கால ஆய்வுகளில் இக்கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சான்றாக, ஸ்டாப்ஃபர்ட், சூசன் ஸ்ட்ரேஞ்ச் ஆகியோர் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், பன்னாட்டு உறவு என்பது அரசும் அரசும், அரசும் நிறுவனமும், நிறுவனமும் நிறுவனமும் பேசிக்கொள்ளும் முக்கோணத் தூதாக மாறிவிட்டது என நிறுவியது. அரசை மட்டுமே மையமாகக் கொண்டிருந்த சிந்தனையை அந்நூல் அசைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அம்முக்கோணத்தின் முனைகளில் நிற்போர் அரசும் நிறுவனமுமே ஆவர். நுகர்வோர், தொண்டு அமைப்பினர், தொழிலாளர் ஆகியோர்க்கு அதில் தனி முனை இல்லை.

வணிகர் தாமே தூதராய் இயங்கியது புதிய நிகழ்வன்று என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். சுமத்திராவின் பாருஸ் வட்டாரத்தில் லோபு துவா எனுமிடத்தில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவின் முடிவைப் பதிவு செய்கிறது. மரக்கலத்தார் பொன்னாகச் செலுத்த வேண்டிய தீர்வையை அது வரையறுக்கிறது. அயல்மண்ணில் அத்தீர்வையை வரையறுத்தோர் வணிகரே ஆவர். தான் வகுத்துக் கூறும் ஆற்றல் அன்றே அரசு சாராதோர்க்கு இருந்தது என்பதற்கு இது சான்று. அதே வேளையில், அம்மரக்கலங்களில் துடுப்பிட்டோரும் சுமை தூக்கியோரும் என்ன கருதினர் என்பதற்கு நம்மிடம் கல்வெட்டு ஏதுமில்லை. இக்குறை பதினோராம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோயா விவசாயிகளும் செம்பனை மன்றமும்

மலேசியச் செம்பனை எண்ணெய்த் தொழில் சந்தித்த முதல் பெரும் சொற்போர் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அதனைத் தொடங்கியது அமெரிக்க அரசன்று. அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கமே ஆகும். வெப்ப மண்டல எண்ணெய்கள் நிறைவுற்ற கொழுப்பு மிக்கவை, இதயத்திற்குத் தீங்கானவை எனும் கருத்தை அச்சங்கம் பரப்பியது. உணவுப் பொட்டலங்களில் அவற்றைத் தனியே குறிப்பிட வேண்டும் எனவும் வலியுறுத்தியது. மாரடைப்பிலிருந்து மீண்ட ஒமாஹா நகரத் தொழிலதிபர் ஃபில் சோகொலாஃப் என்பார் 1988ஆம் ஆண்டு தம் சொந்தப் பணத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டு, வெப்ப மண்டல எண்ணெய்களைப் பயன்படுத்தும் உணவு நிறுவனங்களைச் சாடினார். நுகர்வோர் நலன் பேசும் அமைப்புகளும் இவ்வெதிர்ப்பில் கலந்துகொண்டன. பெருநிறுவனங்கள் பல தம் உணவுப் பொருள்களிலிருந்து செம்பனை, தேங்காய் எண்ணெய்களை நீக்கின.

ஒரு சட்டமும் நிறைவேறாமலே ஒரு சந்தை சுருங்கியது என்பதே இந்நிகழ்வின் முதற்பாடம். அரசுகளுக்கிடையே பேசித் தீர்க்கத்தக்க சுங்கவரிச் சிக்கலாக இது இருந்திருப்பின் தூதரகமே போதுமானதாக இருந்திருக்கும். எதிரே நின்றவர்களோ விவசாயிகள், ஒரு தனிமனிதர், நுகர்வோர் அமைப்புகள். இவர்கள் அனைவரும் தாமே வகுத்துக் கூறியவர்கள்.

மலேசியாவின் எதிர்வினை இரு வழிகளில் அமைந்தது. ஒன்று, அறிவியல் வழி. 1979ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகத்தின் அறிஞர்கள் உணவியல் சான்றுகளை முன்வைத்தனர். மற்றொன்று, பரப்புரை வழி. 1990ஆம் ஆண்டு செம்பனை எண்ணெயை உலகச் சந்தையில் எடுத்துரைப்பதற்கென ஒரு மேம்பாட்டு மன்றம் நிறுவப்பட்டது. இதுவே இன்றைய மலேசியச் செம்பனை எண்ணெய் மன்றம். சட்டப்படி இது ஒரு நிறுவனம், அரசுத் துறையன்று. ஆனால், இதன் செலவுக்குரிய பணம் தொழில்துறையினர் செலுத்தும் தீர்வையிலிருந்து மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வழியாக வருகிறது. வாரியமோ 2000ஆம் ஆண்டு ஆய்வுக் கழகத்தையும் உரிம வழங்கல் அமைப்பையும் இணைத்து உருவாக்கப்பட்ட அரசு அமைப்பாகும்.

ஆகவே, மன்றத்தை அரசு சாராத அமைப்பு என்பதா, அரசின் நீட்சி என்பதா எனும் ஐயம் எழுகிறது. பரிமேலழகர் வழியில் கூறுவதானால், இது கூறியது கூறுவார் வகையைச் சார்ந்தது. இதனைக் குறையாக மட்டும் கருதிவிட முடியாது. ஒரே குரலில், தொடர்ச்சியாக, அறிவியல் சான்றோடு பேசுவதற்கு இத்தகைய அமைப்பு தேவை. பின்னாளில் அறிவியலும் மலேசியாவுக்கு ஓரளவு துணைநின்றது. செம்பனைக்கு மாற்றாகப் பயன்பட்ட, பகுதி ஹைடிரஜன் ஏற்றப்பட்ட எண்ணெய்களில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கானது என்பது உறுதிப்பட்டது. அதன் அளவைப் பொட்டலங்களில் குறிப்பிட வேண்டும் எனும் அமெரிக்க விதி 2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், செம்பனை எண்ணெய்க்கு அச்சந்தை மீண்டும் திறந்தது. எனினும், அவ்வெற்றி ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. செம்பனை மீது எழும் ஒவ்வொரு குறையும் போட்டியாளரின் சூழ்ச்சியே எனக் கொள்ளும் பழக்கம் அது. குறை கூறுவோர் அனைவரும் சோயா விவசாயிகள் அல்லர் என்பதை உணரக் காலம் பிடித்தது.

வட்டமேசையில் யார் யார்

சுற்றுச்சூழல் சார்ந்த குறைபாடுகள் 1990களின் இறுதியிலிருந்து வலுத்தன. காடழிப்பு, புகைமூட்டம், ஒராங் ஊத்தானின் வாழிட இழப்பு முதலியன ஐரோப்பிய நுகர்வோரிடையே பேசுபொருளாயின. இதன் விளைவாக, நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் சுவிட்சர்லாந்துச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டது. அதன் முதற்கூட்டம் 2003ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்றிருந்தது; தலைமைச் செயலகமும் அங்கேயே அமைந்தது. உலக இயற்கை நிதியம், மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சங்கம், யூனிலிவர், மிக்ரோஸ் முதலியோர் இதனைத் தோற்றுவித்தோருள் அடங்குவர். கொள்கைகளும் அளவுகோல்களும் 2005ஆம் ஆண்டு ஏற்கப்பட்டன. சான்றளிக்கப்பட்ட எண்ணெயின் முதல் ஏற்றுமதி 2008ஆம் ஆண்டு நிகழ்ந்தது.

அரசுகளின் கையொப்பமின்றி, உற்பத்தியாளரும் வாங்குவோரும் தொண்டு அமைப்புகளும் கூடி ஓர் உலகப் பண்டத்திற்கு நெறி வகுத்த நிகழ்வு இது. அரசு சாராதோரின் வணிகத் தூதுக்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. ஆதலின், இவ்வமைப்பைப் பாராட்டும் ஆய்வுரைகள் பல எழுந்துள்ளன. அப்பாராட்டுரைகளைப் படிப்போர் அதன் உறுப்பாண்மை அமைப்பையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

வட்டமேசையின் முழு உறுப்பினர் எழுவகையினர்: செம்பனை பயிரிடுவோர், பதப்படுத்துவோரும் வணிகரும், நுகர்பொருள் உற்பத்தியாளர், சில்லறை விற்பனையாளர், வங்கியினரும் முதலீட்டாளரும், சுற்றுச்சூழல் தொண்டு அமைப்புகள், சமூகத் தொண்டு அமைப்புகள். ஆளுநர் குழுவின் 16 இடங்களில் பயிரிடுவோர்க்கு 4 இடங்களும் ஏனைய ஒவ்வொரு வகையினர்க்கும் 2 இடங்களும் உள்ளன. பயிரிடுவோர்க்குரிய 4 இடங்களில் ஒன்று சிறுதோட்டக்காரர்க்கு ஒதுக்கப்பட்டது. இப்பட்டியலில் தொழிற்சங்கத்திற்குத் தனிவகை இல்லை. மரத்திலிருந்து குலையை வெட்டி இறக்குபவர், உதிரிப் பழம் பொறுக்குபவர், களைக்கொல்லி தெளிப்பவர் ஆகியோரின் நலனைச் சமூகத் தொண்டு அமைப்புகளே எடுத்துரைக்க வேண்டிய நிலை. பணம் கொடுப்பவர்க்கு மேசையில் தனி நாற்காலி உண்டு; பழம் வெட்டுபவர்க்கு இல்லை.

தொழிலாளர் நலன் குறித்த விதிகள் வட்டமேசையின் அளவுகோல்களில் உள்ளன என்று மறுமொழி கூறப்படலாம். அது உண்மையே. ஆனால், ஒருவரைப் பற்றிப் பேசுதல் வேறு; ஒருவரைப் பேச விடுதல் வேறு. பிந்தையது இல்லாதபோது முந்தையது எவ்வளவு தாமதமாகும் என்பதற்குப் பாராகுவாட் எனும் களைக்கொல்லியின் கதையே சான்று. தெனாகனித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் வட்டாரப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் இணைந்து 2002ஆம் ஆண்டு தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006ஆம் ஆண்டு அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வட்டமேசை 2018ஆம் ஆண்டு திருத்திய அளவுகோல்களிலேயே அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. மலேசியாவின் முழுத் தடை 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு வெளிவந்ததற்கும் தடைக்கும் இடையே ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டுகளும் தெளிப்பான்கள் பெண்களின் முதுகில்தான் இருந்தன.

மும்பையிலிருந்து வந்த சொல்

இனி, அரசு சாராதோரின் ஆற்றல் அரசைக் காட்டிலும் விரைந்து செயற்பட்ட ஒரு நிகழ்வைக் காண்போம். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அன்றைய மலேசியப் பிரதமர் துன் மகாதீர் காஷ்மீர் குறித்துக் கூறிய கருத்து இந்தியாவில் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அவ்வாண்டு மலேசியச் செம்பனை எண்ணெயை மிகுதியாக வாங்கிய நாடு இந்தியாவே ஆகும். அக்டோபர் 21ஆம் நாள், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கரைப்பான் பிரித்தெடுப்போர் சங்கம், மலேசியாவிலிருந்து எண்ணெய் வாங்குவதைத் தவிர்க்குமாறு தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை வழங்கியது. அதுவரை இந்திய அரசு இதன் பொருட்டு எவ்வித ஆணையும் பிறப்பித்திருக்கவில்லை. அரசின் ஆணை 2020ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாளே வந்தது. அதுவும் மலேசியாவின் பெயரைக் குறிப்பிடாமல், சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் அனைத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இந்நிகழ்வு நாட்டுப்பற்றின் வெளிப்பாடாக நாளேடுகளில் பேசப்பட்டது. திறனாய்வு நோக்கில் அது மட்டும் போதாது. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய் மலிவாக இறக்குமதியாவதால் உள்நாட்டு ஆலைகள் நலிகின்றன என்பது அச்சங்கம் முன்னரே எழுப்பிவந்த முறையீடு. 2019ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே மலேசியாவின் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய் மீது இந்தியா 5 விழுக்காடு கூடுதல் வரி விதித்திருந்தது. ஆகவே, நாட்டின் மானமும் ஆலைகளின் ஆதாயமும் இங்கு ஒரே திசையில் அமைந்தன. சங்கம் தான் வகுத்துக் கூறியது; அதன் சொல்லை அரசு பின்னர் ஆணையாக்கியது. தூதுவன் முன்னே செல்ல, அரசன் பின்னே சென்ற நிலை எனலாம்.

மலேசியத் தரப்பிலும் முதல் அசைவு ஒரு நிறுவனத்திடமிருந்தே வந்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் எம்.எஸ்.எம். எனும் சர்க்கரை நிறுவனம் இந்தியாவிலிருந்து 130,000 டன் கச்சாச் சர்க்கரை வாங்க முன்வந்தது. இந்நிறுவனம், செம்பனைத் தொழிலில் பெரும்பங்கு வகிக்கும் எஃப்.ஜி.வி. குழுமத்தைச் சார்ந்தது. மார்ச்சில் மலேசியாவில் ஆட்சி மாறியது. மே மாதம் இந்தியாவிலிருந்து 100,000 டன் அரிசி வாங்க மலேசியா உடன்பட்டது. இந்திய வணிகரும் மலேசிய எண்ணெயை மீண்டும் வாங்கத் தொடங்கினர். எண்ணெய்க்குச் சர்க்கரையும் அரிசியும் தூது சென்றன.

இரு பக்கத்திலும் பேசியோர் ஆலை முதலாளிகளும் நிறுவனங்களுமே என்பது கவனிக்கத்தக்கது. அம்மாதங்களில் ஏற்றுமதி குறைவால் விலை வீழ்ந்திருந்தால் முதலில் அடிபடுவோர் குலையின் எடைக்கேற்பக் கூலி பெறும் வெட்டாளரும் சிறுதோட்டக்காரருமே ஆவர். அவர்கள் இப்பேச்சில் எங்கும் இடம்பெறவில்லை.

ஓலை கொடுத்து நின்றோர்

சிறுதோட்டக்காரர் வேறொரு களத்தில் முன்னிறுத்தப்பட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் செம்பனையிலிருந்து பெறும் உயிரி எரிபொருளை 2030ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக விலக்கும் விதிகளை 2018, 2019ஆம் ஆண்டுகளில் வகுத்தது. காடழிப்பில்லாப் பொருள்களுக்கான அதன் மற்றொரு சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்தும் நாள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. இவற்றை எதிர்த்துப் பெல்டா குடியேறிகள் 2018ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூரில் திரண்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் சிறுதோட்டக்காரர் அமைப்புகள் ஐரோப்பிய ஒன்றியத் தூதரக அலுவலகத்தில் மனு அளித்தன.

இவர்களின் கவலை போலியானதன்று. மலேசியச் செம்பனைப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இவர்கள் கையில் உள்ளது. ஒவ்வொரு நிலத்தின் அமைவிடத்தையும் பதிந்து மெய்ப்பிக்கும் செலவு பெருநிறுவனத்துக்குச் சிறிது; நான்கு ஹெக்டர் உடையவர்க்குப் பெரிது. உலக வணிக அமைப்பில் மலேசியா 2021ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான தீர்ப்பறிக்கையும், ஐரோப்பிய ஒன்றியம் தன் விதிகளைச் செயற்படுத்திய முறையில் குறைகள் உண்டு எனக் கண்டது. அதே வேளையில், சுற்றுச்சூழல் காரணம் காட்டி இத்தகைய விதிகளை வகுக்கும் உரிமையை அது மறுக்கவில்லை.

ஆயினும், இங்குச் சிறுதோட்டக்காரர்க்கு வாய்த்த பங்கு யாது? நாட்டின் நிலைப்பாடு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அதற்கு முகம் தேவைப்பட்டபோது இவர்கள் அழைக்கப்பட்டனர். மனுவைக் கையளித்தனர், படம் எடுக்கப்பட்டது, ஊர் திரும்பினர். பெருந்தோட்டங்களோடு ஒப்பிடுகையில் தமக்குக் கிடைக்கும் விலை, மறுநடவுக்கான கடன், ஆலைகள் எடை குறைப்பது பற்றிய ஐயம் ஆகியவை அந்த ஓலையில் எழுதப்படவில்லை. அவை ஐரோப்பாவிடம் சொல்லத்தக்கவை அல்ல, கோலாலம்பூரிடம் சொல்லத்தக்கவை. அயல்நாட்டாரிடம் முறையிட மட்டும் வாய்ப்பளித்து, உள்நாட்டில் முறையிட வாய்ப்பளிக்காத தூது முழுமையான தூதாகாது.

தூது பெறாதோர்

இறுதியாக, மூவகையிலும் அடங்காத ஒரு கூட்டத்தாரைக் காண்போம். அவர்களே தோட்டத் தொழிலாளர்.

இவர்களுக்கு அமைப்பு இல்லாமலில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டு பல சங்கங்களை இணைத்து உருவாயிற்று. அதன் தலைவர்களுள் முதன்மையானவரான பி.பி. நாராயணன் 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்தின் தலைவராய் விளங்கினார். அமெரிக்காவில் செம்பனைக்கு எதிராகப் பரப்புரை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், உலகத் தொழிற்சங்க இயக்கமொன்றின் தலைமை நாற்காலியில் மலேசியத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி அமர்ந்திருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தொழிலாளர் அமைப்பையும் வணிகத் தூதின் பங்காளியாகக் கருதும் சிந்தனை அன்று இருந்திருக்குமாயின், வாங்கும் நாடுகளின் தொழிற்சங்கங்களோடும் நுகர்வோரோடும் பேச அதனினும் தகுந்த வாயில் வேறு இருந்திருக்காது. அத்தகைய பேச்சுக்கு விலையும் உண்டு. வரிசை வீடுகளின் நிலையையும் நாட்கூலியையும் முதலில் சீர்செய்தாக வேண்டும்.

பின்னர்த் தோட்டங்களின் மக்கள் மாறினர். தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன, அல்லது பெயர்க்கப்பட்டன. அவ்விடத்திற்கு இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்தனர். கங்காணி போய் முகவர் வந்தார். கடன்பட்டுக் கப்பலேறிய நிலை, கடன்பட்டு விமானம் ஏறும் நிலையாயிற்று.

இவர்களின் சொல் எவ்வாறு வெளியே சென்றது என்பதே வணிகத் தூதின் அண்மைக்கால வரலாற்றில் முதன்மையான படிப்பினையாகும். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் 307ஆம் பிரிவு, கட்டாய உழைப்பால் உருவான பொருள்களை இறக்குமதி செய்வதைத் தடுக்கிறது. யார் வேண்டுமானாலும் அதன்கீழ் முறையிடலாம். இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, அயல்நாட்டுத் தொண்டு அமைப்புகள் மலேசியத் தோட்ட நிறுவனங்களைக் குறித்து முறையிட்டன. அமெரிக்கச் சுங்கத்துறை எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் எண்ணெயை 2020ஆம் ஆண்டு செப்டம்பரிலும், அப்போது சைம் டார்பி பிளாண்டேஷன் எனப் பெயர் கொண்டிருந்த நிறுவனத்தின் எண்ணெயை அவ்வாண்டு டிசம்பரிலும் தடுத்துவைக்க ஆணையிட்டது.

இத்தடையை நீக்க விளம்பரமோ பரப்புரையோ போதவில்லை. சைம் டார்பி தொடர்பான தடை 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் விலக்கப்பட்டது. அதற்குமுன் அந்நிறுவனம் தன் தொழிலாளர் நிலையைச் சுயேச்சையான மதிப்பீட்டுக்கு உட்படுத்தியது. தொழிலாளர் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர எட்டுக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கியது. மலேசிய அரசும் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை ஏற்றுறுதி செய்தது. முப்பது ஆண்டுப் பரப்புரையால் எட்ட இயலாத இடத்தைச் சில முறையீட்டுத் தாள்கள் எட்டின.

அயல்நாட்டு அமைப்புகளுக்கும் தத்தம் நோக்கங்கள் உண்டு. அவற்றின் செய்தியில் போட்டியாளரின் நலனும் கலந்திருக்கக்கூடும் எனும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. சோயாப் பரப்புரையைக் கண்ட நாட்டினர்க்கு அவ்வையம் எழுவது இயல்பே. ஆனால், அவ்வையத்திற்குத் தீர்வு முறையிட்டவரைச் சாடுவதன்று. ஒரு தோட்டத்துத் தொழிலாளி தன் குறையைத் தோட்ட அலுவலகத்திலும் சங்கத்திலும் தொழிலாளர் துறையிலும் அச்சமின்றிக் கூற முடிந்திருக்குமாயின், அது பிற நாட்டார் வழியாக வாஷிங்டன் வரை சென்றிருக்க வேண்டியதில்லை. நம் இல்லத்தில் கேட்கப்படாத சொல், பிறர் இல்லத்தில் நமக்கு எதிரான சாட்சியாகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அரசு சாராதோர் எனும் தொடர் பல்வேறு சொல்லுரிமை உடையோரை ஒன்றாக்கி மறைக்கிறது. சோயா விவசாயிகள், மும்பைச் சங்கம், வட்டமேசை ஆகியோர் தாமே வகுத்துக் கூறினர்; செம்பனை எண்ணெய் மன்றம் கூறியது கூறியது; சிறுதோட்டக்காரர் ஓலை கொடுத்து நின்றனர். இரண்டாவது, மலேசியச் செம்பனைத் தொழில் தன் தரப்பில் பேசுவோரைப் பெருக்கியதேயன்றி, தனக்குள் பேசுவோரைப் பெருக்கவில்லை. மூன்றாவது, தூது பெறாத தொழிலாளரின் சொல்லே இறுதியில் அத்தொழிலுக்குப் பெரும் இழப்பையும், அதனினும் பெரிய திருத்தத்தையும் கொணர்ந்தது. ஆகவே, தொழிலாளர்க்குப் பேசும் இடமளித்தல் அறம் சார்ந்த கடமை மட்டுமன்று. ஏற்றுமதி நலனுக்கும் அதுவே பாதுகாப்பு.

துறைசார் ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இத்தொழிலின் வணிக வரலாறு பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களையும் நிறுவன அறிக்கைகளையும் கொண்டே எழுதப்படுகிறது. ஆனால், தோட்டத் தொழிலாளர் பேசிய மொழி தமிழ். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் முதலிய நாளேடுகளிலும், தோட்டப்புறச் சிறுகதைகளிலும், சங்கக் கூட்டங்களின் பதிவுகளிலும் அப்பேச்சு சிதறிக் கிடக்கிறது. கூலி, வீடு, மருந்து, கங்காணி, கடன் பற்றி அங்குக் கூறப்பட்டவை இன்று உலகச் சந்தையில் எழுப்பப்படும் அதே வினாக்களே ஆகும். அவற்றைத் தொகுத்தல் இலக்கியப் பணி மட்டுமன்று. ஏற்றுமதி வரலாற்றில் விடுபட்ட பக்கங்களை நிரப்பும் பணியுமாகும்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயிற்றும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தூது எனும் அதிகாரத்தை நடத்தும்போது, தூதுவனின் சொல்வன்மையை விளக்குவதோடு நில்லாமல், யார் யாருக்குத் தூது வாய்க்கவில்லை என்றும் மாணவரைக் கேட்கச் செய்யலாம். அவர்தம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் அதற்கு விடையாக வகுப்பறையிலேயே எழக்கூடும்.